பதினெட்டு மார்க்குக்காரி

ரூபினியின் குரல் எவ்வளவு மெல்லியது என்றால், பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பாதி நாள் அவள் வராதவளாகவே இருந்தாள். இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருப்பாள். பெயரைக் கூப்பிட்டதும் முறையாகப் பதிலும் சொல்வாள். அந்தப் பதில் முதல் வரிசையைத் தாண்டுவதற்குள் மின்விசிறிக் காற்று அதைச் சன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். உங்கள் மகள் பள்ளிக்கு வருவதில்லை என்று ஒருமுறை வீட்டுக்குக் கடிதம் வந்தது. அதைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்ததே அவள்தான். வகுப்பில் வைத்து அவள் கையிலேயே கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

அம்மா சந்திரமதிக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய், இருட்டிய பிறகு பாலத்தைத் தாண்டி வருகிறவள். கடிதத்தைப் படித்துவிட்டு, "ஏன்டி, இருக்கேன்னு சொல்லவேண்டியதுதானே?" என்றாள். ரூபினி பதில் சொன்னாள். அம்மாவுக்குக் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட பெண்ணுக்கு ஓர் ஆசை இருந்தது. சாலைச் சந்திப்புகளில் போக்குவரத்து விளக்குகளை அமைக்கும் பொறியாளராக வேண்டும். வாகன நெரிசலுக்குப் பேர்போன ஸ்கூடாயில் வளர்ந்த பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? அம்மாவின் பின்னால் உட்கார்ந்து அவள் ஞாயிறுதோறும் மாட்டிக்கொள்ளும் ஒரு சந்திப்பில், முதல் கார் அசைவதற்குள் பச்சை சிவப்பாகிவிடும். பக்கத்துக் காரில் இருந்த ஒரு ஜோடிக்கு அங்கே காத்திருந்த நேரத்தில் சண்டை வந்து, பேச்சு நின்று, சமாதானம் ஆகி, கல்யாணத் தேதியும் குறித்தாயிற்று. 'இத வெச்சவன் கணக்கத் தப்பாப் போட்டிருக்கான்' என்று ரூபினி மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். மனதுக்குள் அவள் குரல் கணீரென்றுதான் இருக்கும்.

பொறியாளராக வேண்டுமானால் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் கூடுதல் கணிதம் எழுதியாக வேண்டும். எல்லோரும் அடிஷனல் மேத்ஸ் என்றுதான் சொல்வார்கள்; அந்தப் பெயரைச் சொன்னாலே சில வீடுகளில் குழந்தைகள் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடும். நான்காம் படிவத்தின் கடைசிச் சோதனையில் ரூபினி அதில் வாங்கியது பதினெட்டு. நூற்றுக்குத்தான்.

அதனால் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் தொடங்கியதும் சந்திரமதி அவளை ஷர்மைன் டீச்சரின் டியூஷனில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

ஷர்மைனுக்கு இருபத்தாறு வயது. பெக்கோக் பக்கம் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்து, இயந்திரப் பொறியியல் படிக்க ஸ்கூடாய் வந்து, படிப்பு முடிந்தும் ஊர் திரும்ப மறந்துபோனவள். கடைவரிசை ஒன்றில், வேலு என்பவருடைய டயர் கடைக்கு மேல்மாடியில் வகுப்பு நடத்தினாள். கீழே காற்றடிக்கும் கம்பிரஸர் ஓட ஆரம்பித்தால் மேலே வெள்ளைப் பலகையும் சேர்ந்து நடுங்கும். அதனால் அவள் வரைகிற வட்டங்கள் எல்லாமே கொஞ்சம் முட்டையாகத்தான் இருக்கும்.

முதல் நாள் அவள் பலகையில் ஒரு கணக்கை எழுதினாள். எக்ஸ் கூட்டல் மூன்று, மொத்தத்துக்கும் வர்க்கம். விடை: எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஒன்பது. எழுதிவிட்டு மேசைமேல் உட்கார்ந்தாள்.

"எழுதியாச்சா?"

"எழுதியாச்சு டீச்சர்."

"கோடு போட்டாச்சா?"

"போட்டாச்சு டீச்சர்." விடைக்குக் கீழே சிவப்புப் பேனாவால், அடிக்கோல் வைத்து, இரட்டைக் கோடு. தமிழ்ப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைகள் அதில் மட்டும் குறை வைக்கமாட்டார்கள்.

"இந்தக் கணக்குல தப்பு இருக்குன்னு யாருக்கெல்லாம் தெரியும்? திட்டமாட்டேன். கையத் தூக்குங்க."

முதலில் ஒரு கை. பிறகு பக்கத்துக் கை. கடைசியில் வகுப்பு முழுதும் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஷர்மைன் அந்தக் கைகளை எண்ணினாள். "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. அப்புறம் ஏன் எழுதினீங்க?"

கால்வின் என்ற பையன் எல்லோர் சார்பாகவும் விளக்கினான். "போர்டுல இருந்துச்சு டீச்சர்."

அன்றைக்கே அவள் சட்டம் போட்டாள். இனி ஒவ்வொரு வகுப்பிலும் பலகையில் ஒரு தப்பு இருக்கும். அவளே வைப்பாள். அதைக் கண்டுபிடித்தவர் எழுந்து நின்று, "டீச்சர், தப்பு" என்று சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னால் செல்லாது. கம்பிரஸர் ஓடும்போதே சொல்லி, அது கீழே வேலுவுக்குக் கேட்க வேண்டும். கேட்டதற்கு அடையாளமாக அவர் டயர் இரும்பை ஒரு தட்டுத் தட்டுவார். தட்டும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

"இன்னிக்கு ரூபினி சொல்லட்டும்," என்றாள்.

ரூபினி எழுந்தாள். சொன்னாள். பக்கத்தில் இருந்த கால்வினே, "என்ன?" என்றான்.

கீழே பெற்றோரின் கார்கள் வந்து சேர்ந்தன. ஹாரன் அடித்தார்கள். கால்வினுக்குப் பசித்தது; அவனுக்குப் பசித்தால் வகுப்புக்கே தெரியும். "சத்தமாச் சொல்லு லா," என்று கெஞ்சினான். அவள் மறுபடி சொன்னாள், மறுபடியும் சொன்னாள். சங்கதியைப் புரிந்துகொண்ட வேலு மனமிரங்கி கம்பிரஸரை நிறுத்தப் போனார். ஷர்மைன் சன்னலில் தலையை நீட்டி, "அண்ணே, நிறுத்தாதீங்க!" என்று கத்தினாள்.

அந்தக் கத்தல்தான் ரூபினிக்குக் கோபத்தைக் கொண்டுவந்தது. இவ்வளவு பேர் காத்திருக்கிறார்கள், இந்த மனுஷிக்கு இரக்கமே இல்லையா? அவளுக்கே தெரியாத ஏதோ ஓர் இடத்திலிருந்து அது வந்தது.

"டீச்சர், தப்பு! ஆறு எக்ஸக் காணோம்!"

கம்பிரஸரைத் தாண்டி, சாலையைத் தாண்டி, எதிரே நூடுல்ஸ் வறுக்கும் மீ கோரேங் கடை வரைக்கும் அது போனது. கடைக்காரர் வறுவலை நிறுத்திவிட்டுத் தன் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். வேலு இரும்பை ஓங்கித் தட்டி, "இங்க விழலம்மா, மேலயே தேடு!" என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் ரூபினிக்குத் தொண்டை வலித்தது. அந்த வலி அவளுக்குப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு பலகைத் தப்புகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கழித்தல் குறியை விழுங்கிய சமன்பாடு, கிலோவைக் கிராம் என்று நினைத்த கணக்கு, பூமியைவிட வேகமாக ஓடிய ஆமை எல்லாம் பிடிபட்டன. சேர்ந்த புதிதில் கணக்கைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டவர்கள், இப்போது ஷர்மைன் பேனாவைத் திறக்கும்போதே முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு தப்பைப் பிடிக்க நாலு சரியைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தச் சதி அவர்களுக்கு வெகுநாள் புரியவில்லை.

பிறகு லிஃப்ட் சங்கதி வந்தது.

அன்றைக்கு இயற்பியல். ஷர்மைன் எழுதினாள்: கீழே இறங்கும் லிஃப்ட், நிற்பதற்காக வேகம் குறையும்போது, உள்ளே நிற்பவருடைய எடை குறைவாகத் தெரியும்.

"டீச்சர், தப்பு," என்றாள் ரூபினி. இரும்பு தட்டும் சத்தம் கேட்டது.

"இல்லம்மா. இன்னிக்கு வெச்ச தப்பு ரெண்டாவது கணக்குல இருக்கு. இது சரி."

"இல்ல டீச்சர். லிஃப்ட் கீழ போகுது, ஆனா பிரேக் போடுது. அப்போ மேல தள்ளுது. எடை கூடணும்."

"கீழ போறப்போ எப்படி லா கூடும்?"

"தப்பு டீச்சர்."

"இன்ஜினியர் நீயா, நானா?"

"நீங்கதான் டீச்சர். ஆனா தப்பு."

ஷர்மைன் பேனாவை மூடினாள். "யார் வீட்ல முள்ளு வெச்ச எடை மெஷின் இருக்கு?"

கால்வின் வீட்டில் இருந்தது. அதில் ஏறுவதும் பாவசங்கீர்த்தனம் செய்வதும் ஒன்று என்று அவன் அம்மா அதைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு மொத்த வகுப்பும் பக்கத்துப் பேரங்காடிக்குப் போய் லிஃப்டில் ஏறியது. கால்வின் எடை மெஷின்மேல் நின்றான். ஒரு மூலையில், காய்கறிப் பையோடு ஒரு சீன ஆன்ட்டி. லிஃப்ட் இறங்கத் தொடங்கியதும் முள் பின்வாங்கியது. "பாத்தீங்களா, குறையுது," என்றாள் ஷர்மைன். "இருங்க டீச்சர்," என்றாள் ரூபினி. தரைத்தளம் நெருங்கி லிஃப்ட் தயங்கியது. முள் துள்ளி மேலே ஏறியது.

கதவு திறந்தது. வெளியே நின்ற கூட்டத்துக்கு முன்னால் ஷர்மைன் சொன்னாள்: "நான் தப்பு. ரூபினி சரி." குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்.

சீன ஆன்ட்டிக்கு விஷயம் மிகவும் பிடித்துப்போயிற்று. மெஷினைக் கொஞ்சம் கடன் கேட்டு, மேலும் கீழுமாகப் போய்வந்து, லிஃப்ட் இறங்கத் தொடங்கும் அந்த நொடியில் காட்டுவதுதான் தன் உண்மையான எடை என்று முடிவுசெய்து, சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்.

ரூபினி அன்று இரவு சாப்பிடும்போது அம்மாவிடம், "டீச்சர் இன்னிக்குத் தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க," என்றாள். "அவங்களுக்கு ஒண்ணும் ஆகலம்மா. நல்லாத்தான் இருந்தாங்க."

இதற்குப் பிறகு பிள்ளைகளை அடக்க முடியவில்லை. ரூபினியின் பெரியப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில், முழு நிலா அன்று கடல் பொங்குவதைப்போல் மனித உடம்பில் இருக்கும் நீரும் தலைக்கு ஏறும் என்று ஒரு செய்தி அனுப்பினார். "பெரியப்பா, தப்பு. அப்படின்னா நம்ம குளியலறைத் தொட்டியும் பொங்கணும்," என்று அவள் எழுதினாள். இரண்டு மாமாக்கள் குழுவைவிட்டு வெளியேறினார்கள். ஒருவர் மட்டும் அன்றிரவு தொட்டியைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பச் சேர்ந்துகொண்டார். கால்வின் தேவாலயத்தில், விருந்துக்குப் பதினைந்து வரிசை, வரிசைக்கு இருபது நாற்காலி, ஆக இருநூறு பேர் உட்காரலாம் என்று ஃபாதர் அறிவித்தபோது எழுந்து நின்றான். "ஃபாதர், தப்பு. முந்நூறு." ஃபாதர் கண்ணாடியைக் கழற்றி, "உட்காருப்பா. நூறு பேர் வரமாட்டாங்க," என்றார்.

அம்மாக்கள் திரண்டு டியூஷனுக்கு வந்தார்கள்.

"டீச்சர், பிள்ளைங்களுக்கு வாய் ஜாஸ்தியாயிடுச்சு."

"நான் கணக்குதாங்க்கா சொல்லித்தர்றேன்," என்றாள் ஷர்மைன். "வாய் அவங்களோடது."

சந்திரமதி பின்வரிசையில் நின்றிருந்தாள். வேலை உடுப்புகூட மாற்றவில்லை. கடைசியாகக் கேட்டாள்: "மார்க் வருமா டீச்சர்?"

"வரும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன்க்கா. போன வருஷம் கணக்குத் தாள முக்கால்வாசி வெறுமனே குடுத்த பிள்ள, இப்போ கடைசிக் கேள்வி வரைக்கும் போகுது. பாதி தப்பா வருது. ஆனா போகுது."

அது சந்திரமதிக்குப் போதுமானதாக இல்லை. அவள் முகத்தில் அது தெரிந்தது. ரூபினியும் பார்த்தாள்.

இந்த நேரத்தில்தான் பள்ளியில் எஸ்பிஎம் தேர்வுக்குப் பதியும் காலம் வந்தது. கூடவே முகாமும் வந்தது. அடிஷனல் மேத்ஸில் தேறாதவர்கள் அதைக் கைவிட்டால் நல்லது என்று பள்ளி நினைத்தது. பள்ளியின் சராசரி விழுந்துவிடும் என்ற கவலை. கட்டாயமில்லை, பெற்றோர் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தைக் கனிய வைக்க, பெற்றோர் குழு ஊக்கமூட்டும் பேச்சுக்கென்று ஒரு தன்முனைப்பு முகாமை ஏற்பாடு செய்து, டாக்டர் மகேஸ்வரனை அழைத்தது.

எதற்கு டாக்டர் என்று அவரை யாரும் கேட்டதில்லை. கோட் போட்டிருந்தார். அவருடைய தொழில் அழ வைப்பது. விளக்கை அணைத்து, வயலின் இசையைப் போட்டு, அம்மா என்ற ஒரு சொல்லை அவர் இழுத்துச் சொன்னால் மண்டபமே நனைந்துவிடும். மூவாரில் ஒரு முகாமில், நாற்காலி வாடகைக்குக் கொடுக்க வந்தவரும் உட்கார்ந்து அழுதாராம். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

அந்தச் சனிக்கிழமை மண்டபம் நிரம்பியிருந்தது. ஒவ்வொரு பெற்றோர் காலடியிலும் பாத பூஜைக்கு ஒரு பிளாஸ்டிக் தாம்பாளம், தண்ணீர், இரண்டு மூன்று செம்பருத்தி. மடியில் கையெழுத்துப் போடவேண்டிய ஒரு பாரம். மேலே 'பாடத்தைக் கைவிடச் சம்மதம்' என்று மலாயில் இருந்தது. தலைக்கு ஒரு பேனாவும் கொடுத்திருந்தார்கள்.

விளக்கு அணைந்தது. வயலின் தொடங்கியது. "இந்தக் கால்கள்," என்றார் மகேஸ்வரன், "உங்களுக்காக எத்தனை பாலம் தாண்டியிருக்கும்?" சந்திரமதி உடனே அழ ஆரம்பித்தாள். அவளுடைய கால்கள் உண்மையாகவே தாண்டியிருந்தன. ரூபினி குனிந்து அம்மாவின் பாதத்தில் தண்ணீர் விட்டாள். பெருவிரலில் பாதுகாப்புக் காலணி அழுத்திய காய்ப்பு இருந்தது. அழக்கூடாது என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. அழுகை வந்தது, அழுதாள்.

"போதும்!" என்றார் மகேஸ்வரன். இசை மாறியது. "இனி உறுதி! நேத்து இருந்ததைவிட இன்னிக்கு ஒரு சதவீதம் வளருங்க. நாளைக்கு, இன்னிக்கு இருந்ததைவிட ஒரு சதவீதம். அப்படியே நூறு நாள். என்னாகும்? நூறு சதவீதம் வளர்ச்சி!" மண்டபம் கைதட்டியது. "ஆனா எட்டாத பாடத்தத் தோள்ல போட்டுக்கிட்டு வளர முடியுமா? எறக்கி வைங்க. அப்பா, அம்மா, அந்தப் பேனாவ எடுங்க. உங்க பிள்ளைக்கு நீங்க செய்ற உதவி அது."

இருட்டில் நூற்றுக்கணக்கான பேனாக்கள் சொடுக்கும் சத்தம். சந்திரமதியின் பேனாவும் அதில் ஒன்று.

ரூபினி தாம்பாளத்தின் பக்கத்தில் மண்டியிட்டபடி இருந்தாள். அந்தக் கணக்கு அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. நேற்றையதைவிட ஒரு சதவீதம் என்றால் நேற்றையதும் வளர்ந்திருக்குமே. பலகையில் இருந்தால் இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். இங்கே எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். எழுந்தால் அம்மாவுக்கு அவமானம். எழாவிட்டால் அம்மா கையெழுத்துப் போட்டுவிடுவாள். ஒரு தப்பான கணக்கைக் கேட்டு.

எழுந்தாள்.

"சார், தப்பு!"

கம்பிரஸருக்குப் பழகிய குரலுக்கு வயலின் ஒரு பொருட்டே இல்லை. ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பயந்துபோய் ஒலியைக் குறைத்துவிட்டார்.

"யாரும்மா அது?" மகேஸ்வரன் கண்ணை இடுக்கினார். "கேள்வி நேரம் அப்புறம் இருக்கு."

"கேள்வி இல்ல சார். நீங்க சொன்ன கணக்கு தப்பு. நூறு வந்து மறுநாள் நூத்தியொண்ணு ஆகும். அதுக்கு மறுநாள் நூத்தியொண்ணுல ஒரு சதவீதம். நூத்திரெண்டு பாயின்ட் சைபர் ஒண்ணு. அப்படியே ஏறிக்கிட்டே போகும். நூறு நாள்ல ரெண்டு மடங்கு இல்ல. இருநூத்தி எழுபது வரும்."

மூன்றாவது வரிசையிலிருந்து கால்குலேட்டர் தட்டும் ஒலி. "இருநூத்தி எழுபது பாயின்ட் நாலு எட்டு!" என்று கால்வின் கத்தினான். அவன் அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

மகேஸ்வரன் சிரித்தார். மேடை அவருக்குப் பழக்கம். "பாத்தீங்களா, நான் சொன்னதவிட நல்ல செய்தி! தங்கச்சிக்குக் கைதட்டுங்க." கைதட்டினார்கள். "சரி தங்கச்சி, இவ்வளவு தெரிஞ்ச உனக்கு, அடிஷனல் மேத்ஸ்ல எவ்வளவு?"

மைக்கை ஒருவர் கொண்டுவந்து அவள் வாயருகே நீட்டினார். அவளுக்கு அது தேவைப்படவில்லை.

"பதினெட்டு."

மண்டபம் சிரித்தது. அழுத மூக்கோடு சிரிக்கும் சத்தம் கொஞ்சம் விகாரமாகத்தான் இருக்கும். சந்திரமதி, "உட்காருடி, உட்காரு," என்று பாவாடையைப் பிடித்து இழுத்தாள். ரூபினியின் காது இரண்டும் சுட்டது. கால்கள் உட்காரத்தான் பார்த்தன. சிரிப்பு அடங்கும்வரை அவள் நின்றாள்.

"பதினெட்டுதான் சார். ஆனா நீங்க சொன்னது தப்புதான். நான் பதினெட்டு வாங்கினதால அது சரியாயிடாது."

மைக் பிடித்திருந்தவர் அதை எடுத்துக்கொண்டு நகரப் பார்த்தார்.

"இன்னொண்ணு சார். இந்தக் கணக்கு அடிஷனல் மேத்ஸ்லதான் இருக்கு. நீங்க எறக்கி வைக்கச் சொல்ற பாடத்துல."

"ஆமா!" என்றான் கால்வின், சட்டை அம்மா கையில் இருக்க. மண்டபத்தில் அங்கங்கே ஷர்மைனின் பிள்ளைகள் எழுந்தார்கள். ஒருத்தி மூக்கைச் சீந்திக்கொண்டே, "தப்பு சார்!" என்றாள். வெறும் ஒத்துழைப்புக்காகக் கத்தியவர்களும் உண்டு.

மகேஸ்வரனின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, குரல்தான் இறுகியது. "அம்மாவோட காலத் தொட்ட கையோட, பெரியவங்கள எதுத்துப் பேசுறியா? இவங்க அம்மா யாரு? எந்திரிங்கம்மா."

சந்திரமதி எழுந்தாள். இரண்டு காலும் தாம்பாளத்துக்குள் இருந்தன. ஒரு செம்பருத்தி கணுக்காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் பாரம், மறு கையில் திறந்த பேனா. மண்டபம் முழுதும் திரும்பிப் பார்த்தது.

அவள் மேடையைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள். "ஏய். அவரு சொன்னது நெசமாவே தப்பா?"

"தப்பும்மா."

"வீம்புக்குச் சொல்றியா, தெரிஞ்சு சொல்றியா?"

"தெரிஞ்சு சொல்றேன்."

"பதினெட்டுன்னு ஏன்டி ஊருக்கே சொன்ன?"

"அவரு கேட்டாரும்மா. அது சரியான பதில்தானே?"

சந்திரமதி பேனாவை மூடி, பக்கத்து நாற்காலியில் வைத்தாள். பாரத்தை நான்காக மடித்தாள். "மன்னிச்சுக்குங்க சார்," என்றாள். "எம்புள்ள ஊருக்கு முன்னால பேசி நானே இன்னிக்குத்தான் கேக்குறேன். அவ முடிக்கட்டும்." தாம்பாளத்திலிருந்து வெளியே வந்து, ஈரக் காலோடு செருப்பைத் தேடி நடந்தாள். தரையெல்லாம் பாதத் தடம்.

முகாமில் எத்தனை பாரங்கள் கையெழுத்தாகின என்பதில் இரண்டு கருத்து உண்டு. மகேஸ்வரன் தரப்பு ஒன்று சொன்னது. பிள்ளைகள் அதைக் கூட்டிப் பார்த்து, தப்பு என்றார்கள்.

திங்கட்கிழமை சந்திரமதி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மகளோடு பள்ளி அலுவலகத்துக்குப் போனாள். துணைத் தலைமையாசிரியர் ஒரு மலாய் அம்மையார். எல்லோரும் மரியாதையாகப் புவான் என்று கூப்பிடுவார்கள். கெட்டவர் இல்லை, சராசரியைக் காப்பாற்றச் சொல்லி அவரை மேலே யாரோ வதைத்துக்கொண்டிருந்தார்கள். முகாம் விவகாரம் அவர் காதுக்கு முன்னமே வந்திருந்தது.

"கைவிட வேண்டாம் என்றால் சரி," என்றார் புவான் மலாயில். "ஆனால் எனக்கு ஓர் உத்தரவாதம் வேண்டும். தேர்ச்சி பெறுவேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடு. உன் பெயரைப் பதிகிறேன்."

வெள்ளைக் காகிதம் ஒன்றை மேசைமேல் தள்ளினார். சந்திரமதிக்கு நிம்மதி. "எழுதிக் குடுத்துடுடி," என்றாள் தமிழில். "ஒரு வரிதானே."

ரூபினி காகிதத்தைப் பார்த்தாள். கடைசிக் கேள்விவரை போய்ப் பாதியைத் தப்பாகப் போட்டுவந்த வெள்ளிக்கிழமைப் பயிற்சி நினைவுக்கு வந்தது. எழுதினால் இப்போதே வெளியே போய்விடலாம்.

"தேர்ச்சி பெறுவேன்னு எழுதமாட்டேன், புவான்," என்றாள் மலாயில். "அது எனக்கு இன்னும் தெரியாது. பரீட்சைக்கு உட்காருவேன்னு எழுதித் தர்றேன். அது தெரியும்."

"அலமாக்," என்று நெற்றியில் தட்டிக்கொண்டார் புவான். "என்ன பேரமா பேசுகிறாய்? தோற்றுவிட்டால்?"

"தோத்தா என் பேருக்கு நேரா போடுங்க. நான்தானே தோத்தேன்."

"பள்ளியின் சராசரி?"

"எல்லாரையும் சேத்துப் போட்டாத்தான் புவான் அது சராசரி. என்ன விட்டுட்டுப் போட்டா எண்ணிக்கை அழகா வரும். ஆனா தப்பு."

அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நிறுத்தினார். புவான் நாற்காலியில் சாய்ந்து, சந்திரமதியிடம் திரும்பினார். "வீட்டிலும் இப்படித்தானா?"

"இல்ல புவான். முன்னாடி நல்லாத்தான் இருந்தா," என்றாள் சந்திரமதி. முகத்தை எவ்வளவு கண்டிப்பாக வைத்துக்கொண்டாலும், வாயின் ஓரம் அவள் சொன்னபடி கேட்கவில்லை.

புவான் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டபடி வெள்ளைக் காகிதத்தைத் திரும்ப எடுத்து இழுப்பறையில் போட்டார். கணினிப் பக்கம் திரும்பினார். விசைப்பலகையைக் கோபமாகத்தான் தட்டினார், ஆனால் தட்டினார். மூலையில் இருந்த அச்சுப்பொறி இருமி இருமி ஒரு தாளைத் துப்பியது. தேர்வுக்கான பதிவுத் தாள்.

"இந்தா. கையெழுத்துப் போடு," என்று பேனாவை நீட்டினார்.

ரூபினி பேனாவை வாங்கவில்லை. தாளைத்தான் முதலில் வாங்கினாள். மேலே இருந்து ஆரம்பித்து வரி வரியாகப் படித்தாள். வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி அடித்தது, அடுத்த பாடம் தொடங்கியது, பேனா புவானின் கையிலேயே காத்திருந்தது. பாட வரிசையில் கூடுதல் கணிதம் இருந்தது. அதைத் தாண்டியும் கடைசி வரிவரைக்கும் படித்துவிட்டு, பிறகுதான் அவள் பேனாவுக்குக் கையை நீட்டினாள்.